இவருக்குப் பதில் இவர்

2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலை சென்னையில் டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நடிகர் ஜி. மாரிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனைக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. அவர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது சன் டி.வி.யின் ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு. அதில் அவர் ஆதி குணசேகரன். வாக்கப்பட்டு வந்த படித்த பெண்களை அடுப்படியில் முடக்கிவைத்து, எகத்தாளப் பேச்சாலேயே வீட்டை ஆண்டுகொண்டிருந்த மூத்த ஆம்பிளை. ஒன்றரை வருடமாகத் தமிழ் வீடுகளில் இரவுதோறும் திட்டு வாங்கியவர். செய்தி வந்த அன்று அவருக்காக அழுததும் அதே வீடுகள்தான்.

நான் இருப்பது மூலக்குளத்தில். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், ரெட்டியார்பாளையம் தாண்டி வரும், உழவர்கரை நகராட்சிக்குள் அடங்கிய பகுதி. இரவு எட்டு மணிக்கு மேல் எங்கள் தெருவில் நடந்தால் எந்த வீட்டில் என்ன தொடர் ஓடுகிறது என்று ஜன்னல் வழியே வரும் பின்னணி இசையை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு வீட்டில் தொடங்கிய வசனத்தை நாலாவது வீட்டில் முடித்துக்கொள்ளலாம். எதிர்வீட்டு அக்கா ராதிகாவின் ‘சித்தி’ வந்த 1999 முதல் இரவுச் சாப்பாட்டைத் தொடர்களின் நேரத்துக்குத் தக்கபடி வைத்துக்கொண்டவர். முந்தின இரவு வரை குணசேகரனைக் “கட்டையில போறவன்” என்று ஏசிய வாய், அன்று “ஐயோ, நல்ல மனுஷனாச்சே” என்று அரற்றியது. அவருடைய மகன் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அம்மாவுக்கு சீரியல் எது, நெசம் எதுன்னே தெரியாது.”

இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். படித்தவர்கள் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு இது முழுக்கத் தவறு என்று தோன்றுகிறது; அதற்கான சாட்சியை அந்தத் தொடர்களே தினமும் தருகின்றன.

தமிழ்த் தொடர் பார்த்த எவருக்கும் பழகிப்போன அறிவிப்பு ஒன்று உண்டு. ஒரு நடிகை கல்யாணமாகிப் போய்விடுவார், அல்லது வேறு சேனலுக்கு மாறிவிடுவார். மறுநாள் அந்தப் பாத்திரம் திரைக்கு வரும்போது கீழே ஒரு வரி: இவருக்குப் பதில் இவர். நேற்றுவரை ஒரு முகத்தோடு இருந்த மருமகள் இன்று வேறு உயரத்தில், வேறு குரலில் காபி டம்ளரோடு வருவாள். மாமியார் திடுக்கிடமாட்டார். புருஷன் “யாருடி நீ” என்று கேட்கமாட்டான். பார்க்கிறவர்கள் இரண்டு நாள் “பழையவதான் லட்சணமா இருந்தா” என்று முணுமுணுத்துவிட்டு, மூன்றாம் நாள் புதியவளுக்காக மூக்கைச் சிந்துவார்கள். கதையையும் நிஜத்தையும் குழப்பிக்கொள்கிற ஆளுக்கு இது எவ்வளவு பெரிய பேய்க்கதையாக இருந்திருக்க வேண்டும்! பெற்ற தாய் ஒரே இரவில் வேறு முகத்தோடு எழுந்து வருகிறாள். வீட்டில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. ஆனால் எங்கள் தெருவில் யாரும் பயந்ததில்லை. குணசேகரனாக எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். தொடர் 2024 ஜூன் வரை ஓடியது. அக்கா புதிய குணசேகரனையும் பழைய கணக்கிலேயே ஏசினார். ஏசிவிட்டு, “இருந்தாலும் அவரு மாதிரி வராது” என்று நடிப்புக்குத் தனியாக மார்க்கும் போட்டார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொடர் பார்த்தால் இன்னொன்றும் புரியும். வில்லியைப் பார்த்ததும் “சண்டாளி” என்பார். அதே மூச்சில், “புடவை எங்க எடுத்தாளோ, நல்லா இருக்கு” என்பார். வில்லி விஷப் பாட்டிலை எடுக்கும்போது, “இதை வெச்சு இன்னும் ஒரு வாரம் இழுப்பான் பாரு டைரக்டரு” என்பார். முதல் வசவு பாத்திரத்துக்கு. புடவை நடிகையுடையது. மூன்றாவது, கதையைச் செய்கிறவர்களுக்கு. மூன்று தளமும் ஒரே நேரத்தில் அவர் தலைக்குள் விழித்திருக்கின்றன. அப்படி விழித்திருக்கும்போதேதான் கண்ணீரும் வருகிறது.

ஏமாளிப் பார்வையாளர் என்ற கதை சினிமாவுக்கு இணையாக வயதானது. 1896இல் லூமியர் சகோதரர்கள் லா சியோத்தா ரயில் நிலையத்துக்குள் ரயில் நுழையும் துண்டுப் படத்தைக் காட்டியபோது, ரயில் தங்கள் மேல் ஏறிவிடும் என்று பாரிஸ் ஜனங்கள் எழுந்து ஓடினார்கள் என்று பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். ஜெர்மானியத் திரைப்பட வரலாற்றாசிரியர் மார்ட்டின் லாய்ப்பர்டிங்கர் அந்தக் காலத்து ஆவணங்களைத் துழாவிப் பார்த்தார். அப்படி ஓட்டம் பிடித்ததற்கு அன்றைய சாட்சி எதுவும் அகப்படவில்லை. பின்னால் வந்தவர்கள், தங்களுக்கு முந்தியவர்கள் எவ்வளவு அப்பாவிகள் என்று காட்டச் சொல்லிச் சொல்லி உறுதியாக்கிய கதை அது.

புதுச்சேரிக்கே சொந்தமான இன்னொரு கதை உண்டு. நகரின் வடபக்கம் கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. 1867இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, தமிழ் நாடக மேடையையே திருத்தி எழுதி, 1922 நவம்பர் 13 அன்று இந்த ஊரில் கண்மூடியவர். இன்றும் நாடகக்காரர்கள் அங்கே வந்து கும்பிட்டுப் போகிறார்கள். அவர் நடிகராக இருந்த நாளில் சாவித்திரி நாடகத்தில் எமன் வேடம் போட்டு ஆவேசத்தோடு மேடையில் பாய்ந்தாராம். பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணி ஒருத்திக்கு அந்த அதிர்ச்சியில் கரு கலைந்துவிட்டதாம். அதற்குப் பிறகுதான் அவர் வேடம் கட்டுவதை விட்டு எழுதவும் கற்றுக்கொடுக்கவும் இறங்கினார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். கரு கலைந்தது நாடகத்தால்தானா என்று இன்றைக்கு எவரும் சான்று தர முடியாது. என் கவனம் வேறிடத்தில் நிற்கிறது. எமனைப் பார்த்து நடுங்கிய பெண்ணின் கதையை நாம் நடிகரின் பெருமையாகச் சொல்கிறோம். வில்லனைப் பார்த்து ஏசும் பெண்ணின் கதையை அவளுடைய அசட்டுத்தனமாகச் சொல்கிறோம்.

பொய் என்று தெரிந்தும் எப்படி அழுகை வருகிறது? 1975இல் காலின் ராட்ஃபர்ட் என்ற தத்துவப் பேராசிரியர் டால்ஸ்டாயின் அன்னா கரேனினாவை முன்வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டார். இல்லாத ஒருத்தி ரயிலில் விழுந்ததற்கு இருக்கிற நான் ஏன் கலங்குகிறேன் என்று குடைந்து, கடைசியில் இது அறிவுக்குப் பொருந்தாத செயல் என்று முடித்தார். தத்துவக்காரர்கள் இன்னும் அதை விட்டபாடில்லை. ஆனால் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை வைத்துக்கொண்டு யோசித்தால் கேள்வியின் முனையே கொஞ்சம் மழுங்கிவிடுகிறது. அது உணர்ச்சியை உடம்பில் தோன்றும் குறியாகப் பார்க்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன்கள். அழுகைக்கு உரியவை: பிறர் தாழ்த்துவதால் வரும் இளிவு, உறவையோ உடைமையையோ பறிகொடுக்கும் இழவு, பழைய நிலையிலிருந்து சரியும் அசைவு, பிறகு வறுமை. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி எந்தச் சேனலின் கதை விவாத அறையிலும் ஒட்டிவைக்கலாம். புதிதாகச் சேர்க்க ஒன்றும் இருக்காது. கோபத்துக்குச் சொன்ன நான்கில் ஒன்று குடிகோள், அதாவது ஒருவரின் குடும்பத்தைக் கெடுப்பது. மெகா தொடர் வில்லிக்கு வேறு வேலை ஏது? உரைகாரர்கள் இவற்றுக்குச் சொல்லும் அடையாளங்கள் மயிர் சிலிர்த்தல், கண்ணீர் வார்தல், நடுங்குதல், வியர்த்தல். உடம்பு இவற்றைச் செய்வதற்கு முன் ‘இது நடந்ததுதானா’ என்று விசாரிக்கும் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை.

உடம்பு விசாரிப்பதில்லை என்பதற்கு நான் படித்ததிலேயே அழகான சான்று ஜெர்மனியின் மைன்ஸ் நகரத் திரையரங்கு ஒன்றிலிருந்து வருகிறது. அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜொனாதன் வில்லியம்ஸ் காற்றில் கலந்த வாயுக்களை அளப்பவர். 2013-14 குளிர்காலத்தில் அவருடைய குழு தியேட்டரின் காற்று வெளியேறும் குழாயில் கருவிகளைப் பொருத்தியது. 16 படங்கள், ஏறக்குறைய 9,500 பார்வையாளர்கள். மூச்சில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் வெளிவருகின்றன. அவற்றில் கார்பன் டை ஆக்சைடும் ஐசோப்ரீன் என்ற வாயுவும் படத்தின் காட்சிகளோடு சேர்ந்து ஏறி இறங்கின. ‘ஹங்கர் கேம்ஸ்’ இரண்டாம் பாகத்தில் நாயகியின் உடை தீப்பற்றும் இடத்திலும் கடைசிச் சண்டையிலும் அளவு துள்ளியது. வேறு நாள், வேறு கூட்டம். அதே இடத்தில் அதே துள்ளல். வெறும் வரைபடத்தைப் பார்த்தே எந்தக் காட்சி ஓடுகிறது என்று ஊகிக்கும் அளவுக்கு அது ஒத்துப்போனது. ஐசோப்ரீன் தசைகளில் தங்கியிருப்பது. நாம் இருக்கையில் நெளியும்போதும் தசை முறுக்கேறும்போதும் இரத்தத்துக்கு வந்து மூச்சுவழி வெளியேறுகிறது. அரங்கில் இருந்த ஒருவர்கூட நாயகி நிஜமாக எரிகிறாள் என்று நம்பவில்லை. ஆனால் அத்தனை பேரின் தசையும் காற்றுக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்தது. கருவடிக்குப்பத்து எமன் கதையை இப்போது இன்னொரு முறை யோசித்துப் பார்க்கலாம்.

சரி, மூளை? லைப்சிக் நகரில் அன்னா ஆபிரகாமும் சகாக்களும் 2008இல் ஒரு வேடிக்கையான கேள்வியோடு ஸ்கேன் எடுத்தார்கள். ஜார்ஜ் புஷ்ஷைச் சந்திப்பது பற்றிய வாக்கியத்தைப் படிக்கும்போதும் சிண்ட்ரெல்லாவைச் சந்திப்பது பற்றிப் படிக்கும்போதும் மூளையில் என்ன வேறுபாடு? உண்மை மனிதர் என்றால் நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதியிலும் மூளையின் பின்பக்க நடுவிலும் கூடுதல் வேலை நடந்தது. அவை நம் சொந்த நினைவுகளோடும் நம்மைப் பற்றிய எண்ணத்தோடும் தொடர்புள்ள இடங்கள். அடுத்த வருடம் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் சேர்த்துச் சோதித்தார்கள். அதே பகுதிகளில் வேலை அதிகம் நடந்தது நண்பர், குடும்பத்தாருக்கு, அடுத்து பிரபலங்கள், கடைசியில் கற்பனை மாந்தர். ஆக, மூளை பிரித்துவைத்த வரிசையில் முக்கியமாக இருந்தது உண்மையா பொய்யா என்பது மட்டும் அல்ல. எனக்கு எவ்வளவு வேண்டியவர் என்பது.

இந்த இடத்தில் ரசிகர் என்ற ஆள் உள்ளே வருகிறார். சிண்ட்ரெல்லா எவருக்கும் வேண்டியவள் அல்ல. ஆறு வருடம் தினமும் வீட்டுக்கு வந்துபோன ‘கோலங்கள்’ அபி அப்படியா? 2003 முதல் 2009 வரை, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பகுதிகள். நம் உடன்பிறந்தவர்களில் எத்தனை பேரை ஆறு வருடத்தில் அத்தனை முறை பார்த்திருப்போம்? அமெரிக்காவில் திமோதி புரூம், ராபர்ட் சாவேஸ், டிலன் வாக்னர் மூவரும் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் தீவிர ரசிகர்கள் 19 பேரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, தங்களைப் பற்றியும் நெருங்கிய நண்பர்களைப் பற்றியும் அந்தத் தொடரின் பாத்திரங்களைப் பற்றியும் ‘இவர் இப்படிப்பட்டவரா’ என்று கேள்வி கேட்டார்கள். கதைக்குள் எளிதில் கரைந்துவிடுகிறவர்களிடம், தன்னைப் பற்றி எண்ணும்போதும் தனக்குப் பிடித்த பாத்திரத்தைப் பற்றி எண்ணும்போதும் முன்மூளையின் செயல்பாடு நெருங்கி வந்தது. இது 2021இல் வந்த முடிவு. அதே தரவை இன்னொரு கோணத்தில் பார்த்து புரூமும் வாக்னரும் 2023இல் ஒன்று சொன்னார்கள்: தனிமை உணர்வு அதிகம் உள்ளவர்களின் மூளையில் நிஜ நண்பர்களுக்கும் கதை மாந்தருக்கும் இடையிலான கோடு மங்கியிருந்தது. பத்தொன்பது பேர் என்பது சின்னக் கூட்டம். இதை வைத்துப் பெரிய கோட்டை கட்டக் கூடாது. ஆனாலும் பிள்ளைகள் துபாயிலும் பாரிஸிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாகத் தொலைக்காட்சியோடு பேசிக்கொண்டிருக்கும் முதியவர்கள் நிறைந்த புதுச்சேரியில் இதைப் படிக்கும்போது, கேலி செய்யத் தோன்றவில்லை.

தொலைக்காட்சியோடு பேசுவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956இல் ஒரு மனநல ஆய்விதழில் எழுதிய கட்டுரைதான் இத்துறைக்கு வேர். திரையில் இருப்பவர் நம்மைப் பார்த்துப் பேசுகிறார், நாமும் பதிலுக்குச் சிரிக்கிறோம், அவருடைய பழக்கவழக்கம் நமக்கு அத்துப்படி; ஆனால் நாம் இருப்பதே அவருக்குத் தெரியாது. இந்த ஒருபக்க உறவுக்குப் பாராசோஷியல் என்று பெயர் வைத்தார்கள். இன்று யூடியூபர் முதல் அரசியல் தலைவர் வரை பேசுவோர் அந்தப் பெயரைத்தான் நீட்டுகிறார்கள். அந்த இருவர் இதை நோய் என்று சொல்லவில்லை என்பதை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். சாதாரண மனிதரின் உறவுகளோடு கூடுதலாக அமைகிற ஒன்று என்றே எழுதினார்கள். வேறு உறவே இல்லாதவருக்கு அது எல்லாமுமாகிவிடும்போதுதான் கவலை என்றார்கள்.

நம் நாட்டில் அது எவ்வளவு தூரம் போகும் என்று 1984-85இல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’ காட்டியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிப் பார்வையாளர்களிடம் நாலு வார்த்தை பேசுவார். தொடர் ஓடிய ஒன்றரை வருடத்துக்குள் வந்த கடிதங்கள் நான்கு லட்சம். தமிழ்ப் படத்தில் இதற்கு எதிர்த்திசையில் ஒருவர்: எம்.என். நம்பியார். திரையில் கையைப் பிசைந்துகொண்டு அவர் வந்தாலே பெண்கள் சாபம் விட்டார்கள். திரைக்கு வெளியே அவர் சைவச் சாப்பாட்டுக்காரர், வருடா வருடம் கூட்டத்தை அழைத்துக்கொண்டு சபரிமலை போன குருசாமி. இது ஊருக்கே தெரிந்திருந்தது. தெரிந்தவர்களே தியேட்டரில் திட்டினார்கள். வெளியே வந்து “சாமி” என்று கும்பிட்டார்கள். மாரிமுத்து விஷயத்தில் நடந்ததும் இதுதான். அக்கா அழுதது குணசேகரனுக்காக அல்ல. குணசேகரனை அத்தனை நன்றாக வெறுக்கவைத்த ஒரு மனிதருக்காக.

வெறுக்கவைப்பதும் அழவைப்பதும் தொழில்நுட்பம். ஒருத்தி ஒரு சுடுசொல் சொல்வாள். உடனே இடி முழக்கத்தோடு காமிரா மாமியார் முகத்துக்குப் போகும், நாத்தனாருக்கு, கொழுந்தனுக்கு, தூணோரம் நிற்கும் வேலைக்காரிக்கு. ஒவ்வொரு முகமும் மும்முறை வெட்டி வெட்டி வரும். மீம் போடுகிறவர்களுக்கு இது தீராத தீனி. எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் இதன் பாட்டன் ரஷ்யர் லெவ் குலெஷோவ். சுமார் நூறு வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றுதான். பார்த்தவர்கள் அதில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். சும்மா வெறித்துப் பார்க்கும் நாத்தனாரின் முகத்தில் சூழ்ச்சியைப் படித்துக்கொள்வது நாம்தான். தொடர்க்காரர்கள் அதற்கு இடமும் நேரமும் தருகிறார்கள்.

எவ்வளவு கறாராகத் தருகிறார்கள் என்பது முக்கியம். யூரி ஹாசன் குழு நியூயார்க்கில் இதையும் அளந்தது. முடிவுகள் 2008இல் வெளியாயின. பலருக்கு ஒரே காட்சியைக் காட்டி, அவர்களுடைய மூளைப் புறணியில் எவ்வளவு பகுதி ஒரே தாளத்தில் இயங்குகிறது என்று பார்த்தார்கள். ஹிட்ச்காக் எடுத்த தொலைக்காட்சிப் படம் ஒன்றுக்கு 65 சதவீதத்துக்கு மேல். ‘த குட், த பேட் அண்ட் த அக்லி’க்கு 45. நகைச்சுவைத் தொடர் ஒன்றுக்கு 18. பூங்காவில் காமிராவைச் சும்மா நிறுத்தி எடுத்த காட்சிக்கு 5 சதவீதத்துக்கும் கீழே. எங்கே பார்க்க வேண்டும், எப்போது பதற வேண்டும் என்பதை இயக்குநர் எவ்வளவு பிடியில் வைத்திருக்கிறார் என்பதன் அளவுகோல் இது. படத்தின் தரத்துக்கான மதிப்பெண் அல்ல. நம் தொடர்களின் இடிமுழக்கத்தையும் மும்முறை வெட்டையும் அந்தக் கருவியில் வைத்தால், ஹிட்ச்காக்குக்கு ரொம்பக் கீழே இருக்காது என்பது என் ஊகம்.

இதோடு ‘தொடரும்’. பெர்லினில் 1927இல் ப்ளூமா ஸைகார்னிக் என்ற மாணவி, முடிந்த வேலையைவிட முடியாமல் தடைப்பட்ட வேலை நன்றாக நினைவில் நிற்கிறது என்று கண்டார். அதை எல்லா மேலாண்மைப் புத்தகங்களும் எடுத்து ஓதிவிட்டன. பின்னால் செய்துபார்த்தவர்களுக்கு அது சீராகக் கிடைக்கவில்லை. அவரோடு அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த மரியா ஒவ்சியாங்கினா கண்டது வேறு: தடைப்பட்ட வேலையை யாரும் சொல்லாமலே மறுபடி எடுத்து முடிக்கத் துடிக்கிறோம். பேர் வாங்காத இந்த இரண்டாவதுதான் சோதனைகளில் தாக்குப்பிடித்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை இரவு என்ன நடந்தது என்று கேட்டால் அக்கா யோசித்துத்தான் சொல்வார். திங்கள்கிழமை டி.வி. முன்னால் உட்காருவதை மட்டும் மறக்கமாட்டார்.

கதை முன்கூட்டியே தெரிந்தால் ருசி கெடும் என்பதும் பாதி உண்மைதான். மறுநாள் நடக்கப்போவதைப் புரோமோவிலேயே காட்டிவிடுகிறார்கள். யாரும் பார்ப்பதை நிறுத்துவதில்லை. 2011இல் கலிஃபோர்னியாவில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் சிறுகதைகளின் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தபோது, பலருக்கு அந்தக் கதைகள் இன்னும் கூடுதலாகவே பிடித்தன. அடுத்து வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறாகவும் சொல்லின. கர்ணன் சாகப்போகிறான் என்று தெரிந்தே விடிய விடியக் கூத்து பார்த்த ஊர்க்காரர்களுக்கு இந்தச் சண்டையில் அக்கறை இருக்காது. என்ன நடக்கும் என்ற கேள்வி தீர்ந்தபிறகுதான் எப்படி நடக்கும் என்று ஆற அமரப் பார்க்க முடிகிறது.

சேர்ந்து பார்ப்பதற்கும் தனிப் பலன் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பார் குழு, வீடற்ற ஒருவரின் துயரக் கதையைச் சொல்லும் படத்தை ஒரு கூட்டத்துக்கும் சுரத்தில்லாத ஆவணப்படங்களை இன்னொரு கூட்டத்துக்கும் காட்டியது. முன்னும் பின்னும் ஒரு சோதனை: சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தாற்போல் நிற்க வேண்டும். துயரப் படத்தில் உருகியவர்கள் வலியை முன்பைவிட நேரம் தாங்கினார்கள். பக்கத்தில் இருந்த அந்நியர்கள் மேல் நெருக்கமும் கூடியிருந்தது. உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணமாக இருக்கும் என்பது 2016இல் அவர்கள் சொன்ன விளக்கம். முதல் நாள் முதல் காட்சியில் முன்பின் தெரியாதவர் தோளில் கைபோட்டு ஆடுவதற்கும், காலையில் தண்ணீர் பிடிக்கும்போது “நேத்து பார்த்தியாடி” என்று இரண்டு வீட்டுப் பெண்கள் சேர்ந்து பொருமுவதற்கும் அடியில் ஓடுவது ஒரே ரசாயனமாக இருக்கலாம். ஆனால் நாம் வைக்கும் பெயர் ஒன்றா? கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுபவர் ரசிகர். மன்றம் உண்டு, கொடி உண்டு, தேர்தலில் மதிப்பும் உண்டு. மதுரை ரசிகர் மன்றங்களோடு பழகி சாரா டிக்கி என்ற மானிடவியலாளர் 1993இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். தொடர் பார்த்து அழுபவள் வெறும் சீரியல் பைத்தியம்.

அந்தப் பைத்தியங்களைப் பற்றி வேறொரு தகவலும் உண்டு. ராபர்ட் ஜென்சன், எமிலி ஓஸ்டர் என்ற பொருளியலாளர்கள் 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட ஐந்து இந்தியப் பகுதிகளில் எடுத்த தரவை ஆராய்ந்தார்கள். கேபிள் டி.வி. புதிதாக வந்த கிராமங்களில், புருஷன் அடிப்பது தகும் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்தது. தன் முடிவைத் தானே எடுக்கிறேன் என்பவர்கள் கூடினார்கள். பின்னால் அந்தத் தரவை மறுபடி அலசியவர்கள் எல்லா முடிவுகளையும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குச் சுவையாகப் பட்டது, அப்போது கேபிளில் ஓடியவை பெண் விடுதலைப் பிரசங்கங்கள் அல்ல என்பதுதான். மாமியார் மருமகள் சண்டைகள், இரண்டாம் தாரங்கள், பட்டுப்புடவையில் அழும் நாயகிகள். நல்ல தொடர்தான் நல்லது செய்யும் என்ற என் நம்பிக்கை இந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. வேறொரு வீட்டின் கூடத்தைத் தினமும் எட்டிப் பார்க்கக் கிடைத்ததே போதுமானதாக இருந்திருக்கலாம்.

இனி, அழுதால் பாரம் குறையுமா என்பது. குறையும் என்று பாட்டிகளும் சொல்வார்கள், பத்திரிகை மருத்துவர்களும் சொல்வார்கள். நெதர்லாந்தில் ஆட் விங்கர்ஹூட்ஸ் கண்ணீரையே தன் துறையாகக் கொண்டவர். அவரும் சகாக்களும் 60 பேருக்கு ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’, ‘ஹாச்சி’ என்ற அழவைக்கும் இரு படங்களைக் காட்டினார்கள். 28 பேர் அழுதார்கள். அழாதவர்களின் மனநிலையில் மாற்றமே இல்லை. அழுதவர்களுக்குப் படம் முடிந்த கையோடு மனம் முன்பைவிட மோசமாக இருந்தது. இருபது நிமிடத்தில் பழைய நிலைக்கு ஏறியது. தொண்ணூறு நிமிடம் கழித்துக் கேட்டபோது, படம் பார்ப்பதற்கு முன்பு இருந்ததைவிடவும் நன்றாக இருந்தது. 2015இல் வந்த இந்தக் கணக்கை மூலக்குளத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது. டச்சு ஆய்வகத்தில் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுக் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டார்கள். இங்கே மூக்கைத் துடைத்து நிமிர்வதற்குள் அடுத்த தொடரின் டைட்டில் பாட்டு வந்துவிடுகிறது. அதில் வேறொருத்தியை வீட்டை விட்டுத் துரத்தப்போகிறார்கள் என்று காலையிலேயே புரோமோவில் போட்டாகிவிட்டது.